கத்தரி முதலில், கடை அப்புறம்: வேலையை விட்டுவிட்டு சலூன் வைக்க நினைப்பவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். முப்பத்து நான்கு வயதில் அதை விட்டுவிட்டு முடி வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "பி.காம். படிச்சது இதுக்கா?" அவ்வளவுதான் கேட்டார். இன்று கோயம்புத்தூரில் மூன்று நாற்காலி போட்ட சின்ன சலூன் ஒன்று வைத்திருக்கிறேன், ஆண் பெண் இருபாலருக்கும். மாதத்துக்கு ஒருவராவது வந்து, "நானும் இந்த லைனுக்கு வரலாம்னு இருக்கேன், எவ்வளவு முதல் போடணும்?" என்று கேட்டுவிடுகிறார்.

அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதல் போட்டு ஆள் வைத்து நடத்துவது வேறு வியாபாரம். அதற்கு, பெரிய நிறுவனத்தின் பெயரை வாங்கிக் கடை நடத்தும் ஃப்ரான்சைஸ் இருக்கிறது. 2000-இல் சென்னையில் வீணா குமாரவேல் தொடங்கிய நேச்சுரல்ஸ் சலூன் ஊர் ஊராகப் பரவியது அந்த வழியில்தான். பணமும் ஆள் நிர்வாகமும் கைவசம் இருந்தால் அந்தப் பக்கம் போங்கள், தப்பில்லை. சொந்தமாகக் கத்தரி பிடித்து, சொந்தப் பெயரில் சின்னதாகக் கடை போட நினைப்பவர்களுக்குத்தான் இது. சின்னக் கடையில் முதலாளிக்கு வெட்டத் தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் போனை எடுக்காதபோது ஷட்டரை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ராஜினாமா எழுதுவதற்கு முன்

தெரிந்த சலூன் ஒன்றில் பேசி, பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். முடி கூட்டுங்கள், துண்டு துவையுங்கள், தலை அலசிவிடுங்கள். இரண்டு விஷயம் தெரிந்துவிடும். முதலாவது, உங்கள் கால். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்று பார்த்தால் குதிகாலும் இடுப்பும் உண்மையைச் சொல்லும். இந்தத் தொழிலில் ரொம்ப நாள் இருப்பவர்களின் கெண்டைக்காலைப் பாருங்கள், நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரியும். இரண்டாவது, அடுத்தவர் தலையைத் தொடுவது. எண்ணெய், வியர்வை, பொடுகு, சில சமயம் பேன். முகத்தைச் சுளிக்காமல் அதைச் செய்ய முடிகிறதா என்பது வகுப்பில் தெரியாது.

இன்னொன்றையும் அங்கேயே பார்ப்பீர்கள். இந்த வேலையின் மேல் நம் ஊரில் சாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவந்தவர்களுக்கு மருத்துவர் என்று ஒரு பெயர் இருப்பது சும்மா இல்லை. வைத்தியமும் பிரசவமும் பார்த்த குடும்பங்கள் அவை. வெளியிலிருந்து வரும் நமக்கு இது 'கேரியர் சேஞ்ச்'. அவர்களில் பலருக்கோ, பிள்ளைகளை இதிலிருந்து வெளியே அனுப்பப் பட்ட பாடு. அதனால் அங்கே மூத்தவர்களிடம் கற்றுக்கொள்ளும்போது அந்த மரியாதை குறையக் கூடாது. எனக்குச் சவரக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதுப் பெரியவர். எந்த அகாடமியிலும் அவர் மாதிரி ஒரு கையை நான் பார்க்கவில்லை.

பண விஷயத்தில் ஒன்றே ஒன்று: வீட்டுச் செலவுக்கு ஒரு வருடத்துக்கானதைத் தனியே எடுத்து வைக்காமல் வேலையை விடாதீர்கள். ஆறு மாதம் போதும் என்று நானும் நினைத்தேன். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது ஏழாவது மாதம்.

எங்கே கற்றுக்கொள்வது

அமெரிக்கா மாதிரி உரிமத் தேர்வு எழுதினால்தான் கத்தரி பிடிக்கலாம் என்ற சட்டம் இங்கே இல்லை. அதனால் சான்றிதழைத் துரத்த வேண்டாம், கையைத் துரத்துங்கள். பத்தாவது முடித்திருந்தால் ஐ.டி.ஐ.-யில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, செலவு குறைவு. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் உதவி ஹேர் ஸ்டைலிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட் என்று படிப்படியாகப் பயிற்சி உண்டு. தனியார் அகாடமிகளில் சில ஆயிரத்திலிருந்து சில லட்சம் வரை கேட்பார்கள். சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடியறதுக்குள்ள நான் எத்தனை நிஜத் தலை வெட்டுவேன்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குளிரூட்டிய வகுப்பறையும் கோட்டுப் போட்ட புகைப்படமும் உங்களுக்கு வெட்டக் கற்றுத் தராது.

முதல் வாரம் கத்தரி பிடிப்பதிலேயே போகும். மோதிர விரல் ஒரு வளையத்தில், கட்டை விரல் நுனி மட்டும் இன்னொன்றில். வெட்டும்போது கட்டை விரல் மட்டும்தான் அசைய வேண்டும், மற்ற நான்கு விரலும் கல் மாதிரி நிற்க வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டே காற்றில் வெட்டிப் பழகினேன், மகள் சிரித்தாள். அப்புறம் டம்மித் தலை. தலையை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, கழுத்தடியில் முதல் வரியை வெட்டி, அதை அளவாக வைத்து மேலே மேலே ஏறுவது. முடியைத் தூக்காமல் கீழ்நோக்கிப் பிடித்து வெட்டினால் ஒரே நீளம். 45 டிகிரி தூக்கினால் அடி கனத்து மேலே சரியும். தலைக்குச் செங்குத்தாக 90 டிகிரி தூக்கினால் அடுக்கடுக்காக விழும் லேயர். ஹேர்கட் எல்லாமே இந்த மூன்றின் கலவைதான் என்று பிடிபடுவதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆண்களுக்கான மெஷின் வேலை பார்க்க எளிது, கெடுப்பதும் எளிது. 1 நம்பர் சீப்பு போட்டால் தலையில் 3 மில்லிமீட்டர் மிஞ்சும், 2 போட்டால் 6. சீப்பை மாட்ட மறந்து மெஷினை வைத்தால் என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெஷினைக் கையில் எடுத்ததும் சீப்பு இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஒருமுறை தட்டிப் பார்ப்பது இன்றும் என் பழக்கம்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாததைச் சொல்கிறேன். நனைந்த முடி நீண்டு காட்டும், காய்ந்தால் ஏறும். நேர் முடி கொஞ்சம் ஏறும், சுருட்டை முடி துள்ளி ஏறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரிப் பெண், நல்ல சுருட்டை, "ஒரு இன்ச் மட்டும்" என்றார். நனைத்து, இழுத்துப் பிடித்து, சரியாக ஒரு இன்ச் வெட்டினேன். டிரையர் போட்டதும் முடி தோளிலிருந்து தாடைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, பணத்தை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய அம்மா வந்தார். அவர் சொன்னதை எழுத முடியாது. அன்றிலிருந்து சுருட்டை முடியைக் காயவைத்துத்தான் வெட்டுகிறேன். 'ஒரு இன்ச்' என்று யார் சொன்னாலும் அவர்கள் விரலிலேயே அளவைக் காட்டச் சொல்கிறேன். பலருக்கு ஒரு இன்ச் என்றால் மூன்று விரற்கடை, சிலருக்கு நகத்தளவு.

கலரிங் தனி உலகம், அவசரப்படாதீர்கள். கலரோடு கலக்கும் டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3 சதவீத பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரை மறைக்க 20 போதும். 40-ஐ முதல் வருடம் கையில் எடுக்க வேண்டாம். நம் கறுப்பு முடியை வெளுக்கும்போது முதலில் சிவப்பு வரும், அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் பிறகுதான் மஞ்சள். இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டி ஒரே நாளில் சாம்பல் நிறம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதும் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான டைகளில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் புது ஆளுக்கு டை போட வேண்டும். இன்னும் பெரிய ஆபத்து 'கறுப்பு மெஹந்தி', கலப்பட மருதாணிப் பொடி. சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன் மேல் ப்ளீச் பட்டால் முடி சூடேறும், அறுந்து கையோடு வரும். "மருதாணி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். நான் பின்னந்தலையிலிருந்து பத்து முடி வெட்டி, கிண்ணத்தில் ப்ளீச்சில் போட்டுக் காத்திருப்பேன். ஒருமுறை கிண்ணமே வெதுவெதுப்பானது. அந்த அம்மாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, வெறும் கட்டிங் மட்டும் செய்து அனுப்பினேன்.

இன்னொருவர் கடையில் இரண்டு வருடம்

படித்து முடித்ததும் கடை தேடக் கிளம்புவார்கள். வேண்டாம். குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடம் கூட்டம் உள்ள கடையில் வேலை பாருங்கள். மாதச் சம்பளமும் கமிஷனுமாக ஏற்பாடு இருக்கும். பழைய சலூன்களில் பாதிக்குப் பாதி என்ற முறை இன்றும் உண்டு. எதுவானாலும் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தலை கைக்கு வர வேண்டும், கணக்கு அதுதான். வேகம், பேச்சு, ஷாம்பு எத்தனை நாளில் தீர்கிறது, மாஸ்டர் எப்போது கோபித்துக்கொண்டு போகிறார், எல்லாம் இன்னொருவர் காசில் கற்றுக்கொள்ளும் காலம் இது.

கிளம்பும்போது அந்தக் கடையின் வாடிக்கையாளர் நம்பர்களைத் திருடிக்கொண்டு போகாதீர்கள். இந்த லைனில் ஊர் சின்னது.

கடை பார்த்தல்

நான் கடை பிடிக்கும் முன் எதிரில் இருந்த டீக்கடையில் நான்கு நாள் உட்கார்ந்தேன், அதில் ஒரு நாள் ஞாயிறு. தெருவில் யார் போகிறார்கள், வண்டி நிறுத்த இடமிருக்கிறதா, சாயங்காலம் பெண்கள் தனியாக நடக்கிற தெருவா, பக்கத்து சலூனில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மெயின் ரோட்டைவிட அடுக்குமாடிகள் உள்ள உள்தெருவே சின்ன சலூனுக்கு நல்லது. வாடகையும் பாதி.

உரிமையாளரிடம் வாடகை பேசும் முன் தண்ணீரைப் பாருங்கள். குழாயைத் திறந்து கொஞ்சம் சோப்பு போட்டுக் கையைத் தேயுங்கள். நுரை வராவிட்டால் உப்புத் தண்ணீர். அதில் அலசினால் முடி நார் மாதிரி ஆகும், கலரும் ஒழுங்காகப் பிடிக்காது. அப்புறம் கழிவுநீர்க் குழாயின் வாட்டம். ஏ.சி., ஹீட்டர், டிரையர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒயரிங் தாங்குமா என்று சொந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாற்றப்பட்டதா என்பதும் முக்கியம். வீட்டு இணைப்பில் கடை நடத்திப் பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள், பேசினால் குறையும். பதினொரு மாத ஒப்பந்தத்தை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் மரவேலை செய்யாதீர்கள். மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்ய உரிமையாளர் தயங்கினால், அவர் மனதில் வேறு கணக்கு இருக்கிறது.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன். அட்வான்ஸ் 1.80 லட்சம். மரவேலை, கண்ணாடி, ஒயரிங், பிளம்பிங் 2.10 லட்சம். மூன்று ஹைட்ராலிக் நாற்காலியும் தலை அலசும் சிங்க் வைத்த நாற்காலி ஒன்றும் 75,000. ஏ.சி. 42,000. கருவிகளும் முதல் சரக்கும் 60,000. கூட்டினால் 5.67 லட்சம். இது போக மூன்று மாத நடப்புச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறந்தேன். அந்தப் பணம்தான் காப்பாற்றியது.

இனி பழைய தொழில் புத்தி கொஞ்சம். வாடகை 18,000, இரண்டு பேர் சம்பளம் 36,000, மின்சாரம் 6,000, சரக்கும் சில்லறையும் 10,000, ஆக மாதம் 70,000. தமிழ்நாட்டில் பல சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை, நானும் அதையே வைத்திருக்கிறேன். எனவே 26 நாள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,700 ரூபாய். சராசரி பில் 250 என்றால் தினமும் பதினொரு தலை வெட்டிய பிறகுதான் உங்களுக்கு முதல் ரூபாய். கடை பார்க்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பதினொரு பேர் அந்தத் தெருவிலிருந்து வருவார்களா?

காகித வேலை, கடன்

மாநகராட்சி அல்லது நகராட்சியில் தொழில் உரிமம், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கு இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும் வரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 6,400 ரூபாய் வரை. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது நல்ல செய்தி. ஆனால் வாடகைக்கும் நாற்காலிக்கும் நீங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.-யை இனி கழித்துக்கொள்ள முடியாது. விலைப்பட்டியல் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கடனுக்கு முதலில் முத்ரா, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கேட்கக் கூடாது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் மானியத்தோடு கூடிய திட்டங்களைச் சொல்வார்கள். பாரம்பரியக் கைத்தொழில்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் முடிதிருத்தும் தொழில் இருக்கிறது, ஆனால் அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது கடந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். சாதி கேட்பதில்லை. வங்கி மேலாளர் முன் உட்காரும்போது மேலே போட்ட பதினொரு தலைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்னிடம் அதற்கு அப்புறம் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

திறந்த பிறகு

கடை திறக்க ஐப்பசி முதல் வாரம் பார்த்தேன். தீபாவளிக் கூட்டத்தில் நாற்காலி காலியாகவே இல்லை, தொழில் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கார்த்திகை ஒன்றாம் தேதி தெருவே மாலை போட்டுக்கொண்டது. நாற்பத்தோரு நாளுக்கு, சிலருக்கு மகரஜோதி வரைக்கும், முடியும் வெட்ட மாட்டார்கள், ஷேவும் பண்ண மாட்டார்கள். ஆண்கள் பக்கம் ஈ ஓட்டினோம். பெண்கள் பக்கம்தான் வாடகை கட்டியது. ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மேக்கப், ஃபேஷியல் படுக்கும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை பார்ப்பவர்களும் உண்டு. பஞ்சாங்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டுச் சரக்கு வாங்குங்கள்.

ஆட்கள் விஷயம் கடினம். நல்ல கை இருப்பவருக்கு எப்போதும் வெளியில் அழைப்பு இருக்கும். நான் சம்பளத்தை ஐந்தாம் தேதி தாண்டவிட்டதில்லை, சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிக்கு ஆள் ஏற்றுவதும் இல்லை. ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டிருக்கிறேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். நாள் முழுக்க நிற்கிற நம் தொழிலில் அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியதில்லை.

சுத்தத்தில் ஒரு சமரசமும் கிடையாது. பிளேடைக் கஸ்டமர் கண்முன்னே உறையிலிருந்து பிரித்து மாட்டி, முடிந்ததும் அவர் பார்க்கவே உடைத்து டப்பாவில் போட வேண்டும். சீப்பும் கத்தரியும் கழுவிக் கிருமிநாசினியில் ஊறியே அடுத்த தலைக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு துண்டு.

காத்திருப்பவர்களுக்கு என்ன வைக்கலாம் என்று கேட்பார்கள். எங்கள் காலத்து சலூன்களில் தினத்தந்தி இருந்தது, ஒரு பேப்பர் ஏழு பேரிடம் ஏழு தாளாகப் பிரிந்து கிடக்கும். தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தன் சலூனில் நூலகமே வைத்திருக்கிறார், 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவருடன் பேசினார். நான் அந்த அளவுக்கு இல்லை. டி.வி. வைக்கவில்லை, அது மட்டும்தான்.

திறப்பு விழாவுக்குப் பாதி விலை நோட்டீஸ் அடிக்காதீர்கள். பாதி விலைக்கு வந்தவர் முழு விலைக்குத் திரும்ப வருவது அபூர்வம். அந்தக் காசுக்கு ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வந்த ஒவ்வொருவர் பெயரிலும் தேதி, பக்கவாட்டில் எத்தனை நம்பர் சீப்பு, எந்தக் கலர் எவ்வளவு கிராம், எத்தனை நிமிடம் வைத்தோம், எதற்கு முகம் சுளித்தார், எல்லாம் எழுதுங்கள். முடி மாதத்துக்கு அரை இன்ச் வளரும். ஆண்கள் மூன்று நான்கு வாரத்தில் வர வேண்டும், பெண்கள் இரண்டு மாதத்தில். வராதவர் யார் என்று நோட்டு சொல்லும். ஒரு போன் போட்டு, "போன தடவை சரியா வரலையாங்க?" என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். பாதிப் பேர் அந்த வாரமே வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று பெயர்தான். காலையில் நோட்டைப் புரட்டிப் போன் போடுவது, சரக்கு எண்ணுவது, துண்டுகளை வெந்நீரில் போடுவது. மத்தியானம் தலை அலசும் சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து குழாயைக் கழற்றினால், ஆறு நாள் முடி பூனைக்குட்டி அளவுக்கு உருண்டு கையில் வரும். ஒரு வாரம் விட்டுவிட்டால் புதன்கிழமை கஸ்டமர் காலடியில் தண்ணீர் நிற்கும்.